நோட்டீஸ் ஒட்டாத கதவு

எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவில் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். கேபிள்காரர் நம்பர் ஒட்டுவார். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் ஒட்டுவார்கள். கொசு மருந்து அடிக்க வருகிறவர்கள் சாக்பீஸால் தேதி கிறுக்கிவிட்டுப் போவார்கள். பட்டம்மாள் அக்கா வீட்டுக் கதவில் மட்டும் அந்த வேலை நடக்காது. ஒட்டிய கை கீழே இறங்குவதற்குள் அக்கா விளக்குமாற்றோடு வந்து நிற்பார். ஓட்டுக் கேட்டு வந்த ஒரு வேட்பாளரே அந்த வாசலில் ஸ்டிக்கரைத் தன் நகத்தால் சுரண்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

அது பலாமரக் கதவு. பழைய எலந்தங்குழியில் அக்கா வீட்டுக் கிணற்றடியில் நின்ற மரம். காய்ப்பு ஓய்ந்ததும் அவர் புருஷன் ராஜாங்கம் அண்ணன் அதை அறுத்து நிலையும் கதவுமாக ஆக்கிவிட்டார். ஊர்ப் பெயரிலேயே குழி இருந்ததாலோ என்னவோ, நெய்வேலிச் சுரங்கம் எங்கள் பக்கம் நகர்ந்து வந்தபோது யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இரண்டாயிரத்துப் பதினான்கில் ஊரைக் காலி செய்துவிட்டு, மாற்று மனை கொடுத்த இந்த இடத்துக்கு வந்தோம். ஓடு, உத்தரம், சன்னல், அம்மி என்று பெயர்க்க முடிந்ததை எல்லாம் பெயர்த்துக்கொண்டு வந்தோம். வண்டி என்னுடையது. குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி. அக்கா முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பின்னால் கதவைப் படுக்கவைத்து, அதன் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு வந்தார்.

"கீறல் வுழுந்துச்சுனா ஒன்னிய வுட மாட்டேன் சைமனு" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தார். ராஜாங்கம் அண்ணன் அந்தக் கதவைப் புது வீட்டில் மாட்டினார். பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை.

நான் இன்றைக்கும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறேன். நெய்வேலிச் சுரங்க டவுன்ஷிப்பில் ரிட்டையர் ஆகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிற வரைக்கும் எனக்கு வேலை இருக்கும். வருஷக்கணக்காகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருந்த மனிதர், பீரோவை ஏற்றும்போது பின்கட்டுக் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுவார். அவரை ஆறுதல்படுத்தி முன்சீட்டில் ஏற்றுவதும் லோடு வேலையில்தான் சேர்த்தி. பலாப்பழ சீசனில் பண்ருட்டியிலிருந்து பழம் ஏற்றி வந்து, வண்டியில் மைக்கைக் கட்டித் தெருத்தெருவாக விற்பேன்.

பட்டம்மாள் அக்கா வீடு எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. அவர் டவுன்ஷிப் ரோட்டில் இலை கூட்டுகிற காண்டிராக்ட் வேலை பார்க்கிறார். மகன் செல்வகுமார் மைன்ஸில் காண்டிராக்ட்; கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே சிந்துகிற கரியை வாருகிற வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும். மருமகள் சரிதா முந்திரிக் கம்பெனியில் பருப்பு தரம் பிரிக்கிறாள். மூன்று பேரும் சேர்ந்து மாடியில் ஒரு ரூம் கட்ட நினைத்தார்கள். அதற்குப் பட்டா நகல் வேண்டும் என்று சரிதா இ-சேவை மையத்துக்குப் போனாள். சித்திரை வெயில். வேர்த்து ஊற்ற வந்தவள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்த, பட்டாவுல மாமா பேரு இல்ல."

"ஒங்க மாமன் பேரு இல்லாம வேற எவன் பேரு இருக்கும்?"

"சிங்காரவேலுனு இருக்குது. ஒங்க மூத்தார் மவன். நெல்லிக்குப்பத்துல இருக்குறாரே, அவருதான்."

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். சிங்காரவேல் ராஜாங்கம் அண்ணனின் அண்ணன் மகன். பழைய ஊர் ஊராக இருந்தபோதே நெல்லிக்குப்பத்துக்குப் போனவன். சித்தப்பா சாவுக்குக்கூட மாலையோடு வந்து, மாலை வாடுவதற்குள் போய்விட்டவன். அவனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. மறுநாள் ஆள் மூலமாகச் சேதிதான் வந்தது: கோர்ட்டில் மனை தன் பக்கம் தீர்ப்பாகிவிட்டது, ஆடிக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

ஒருமுறை ஊரையே விட்டு வந்த மனுஷியை இன்னொரு முறை வீட்டை விட்டுப் போகச் சொன்னால் எப்படி இருக்கும். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. என் மனைவி மேரிசெல்வி குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்படியே திரும்பி வந்தது.

தாலுகா ஆபீசுக்கு நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த துணைத் தாசில்தார் கலைச்செல்வன் நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார்.

"கோர்ட் தீர்ப்பு, டிக்ரி வந்திருக்குதும்மா. அத வச்சிதான் பட்டா மாத்துனோம். நாங்க கோர்ட்டுக்கு மேலயா?"

"கோர்ட்டு எங்கள கூப்புடவே இல்லிங்களே சார்" என்றார் அக்கா.

"நோட்டீஸ் வந்திருக்கும். நீங்க போயிருக்க மாட்டீங்க."

சரிதா கேட்டாள்: "இந்தத் தீர்ப்பு நெசந்தானான்னு கோர்ட்டுல கேட்டீங்களா சார்?"

"சீல் இருக்குதும்மா."

சீல் என்று அவர் சொன்னதைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது. தீர்ப்பின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். நாங்கள் கொடுத்த மனுவுக்குச் செல்வகுமார் போனில் பதில் வந்தது: மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. யார் பரிசீலித்தார்கள், எதை முடித்தார்கள் என்று கேட்க அந்தச் செய்தியில் ஆள் இல்லை.

அந்தச் சாயங்காலம் என் வண்டியில் விற்காமல் மிஞ்சிய பலாப்பழம் ஒன்றை அக்கா வாசலில் இறக்கினேன். துக்க வீடு மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. சாக்கை விரித்து, அரிவாளிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தார். பால் நூல் நூலாக இழுத்தது. வழிகிற பாலை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்து ஓரமாக வைத்தார். தெருவே வாசனைக்குக் கூடிவிட்டது. பஞ்சாயத்துக் குழாய் பார்க்கிற சவரிராஜ் அண்ணன், செல்வகுமார், மேரிசெல்வி எல்லாரும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தோம்.

"அந்த கோர்ட்டு காயிதத்த படிடி. என்னாதான் எழுதிகினு வந்துருக்கான்னு கேப்பம்" என்றார் அக்கா.

சரிதா தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தாள்: "மேற்படி பிரதிவாதி பட்டம்மாள் சம்மனைப் பெற மறுத்தபடியால், 2017ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், எலந்தங்குழி கிராமம், மாரியம்மன் கோயில் தெருவில் பிரதிவாதி குடியிருக்கும் வீட்டின் வாசற்கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டும், தண்டோரா போடப்பட்டும், பிரதிவாதி ஆஜராகாதபடியால்..."

"நில்லு. எதுல ஒட்டுனானாம்?"

"வாசற்கதவுல அத்த."

"எங்கதவுலயா?"

அக்காவுக்கு மனை போனதுகூட மறந்துவிட்டது. பலாச்சுளை கையில் இருக்க எழுந்து போய்க் கதவை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். "எவன்டா அவன், எங்கதவுல ஒட்டுனவன்? நான் எங்க போயிருந்தேன் அப்ப?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "யக்கா, இரு. இந்தத் தெருவுக்கு ஏது மாரியம்மன் கோயிலு? அது பழைய ஊருல்ல?"

"ஆமா" என்றார் சவரிராஜ் அண்ணன். "நாம பதினாலுலயே இங்க வந்துட்டமே."

செல்வகுமார் வாயிலிருந்த கொட்டையைத் துப்பினான். "என்னா, பதினேழு ஆவணியா? நான் அப்ப மண்ணு வெட்டுற அந்த கட்டிங்லதான வேல பாத்துகினு இருந்தேன். மாரியாத்தா கோயிலு இருந்த எடத்துல அன்னிக்கு மிஷின் நின்னுகினு மண்ண அள்ளிகினு இருந்துச்சு. நம்ம தெருவே அந்தரத்துலதான் இருந்திருக்கும்."

"அப்ப நோட்டீஸ மிஷின்லதான் ஒட்டியிருப்பான்" என்றாள் மேரிசெல்வி.

"தண்டோரா போட்டானே, யாரு கேட்டிருப்பா?" என்றார் சவரிராஜ் அண்ணன்.

"கரிதான் கேட்டிருக்கும்" என்றான் செல்வகுமார்.

முதலில் சிரித்தது சரிதா. பிறகு எல்லாரும். அக்கா கதவில் சாய்ந்து நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்படியென்றால் தீர்ப்பே பொய்த் தீர்ப்பு. இந்தத் தப்பு எங்கள் ஊர்க்காரன் ஒருவனுக்குத்தான் வரும். இங்கே குடியேறி இவ்வளவு காலமாகியும் எங்களில் யாரும் புது எலந்தங்குழி என்று சொல்வதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் எலந்தங்குழிதான். இங்கே வந்து பழகாத சிங்காரவேலுக்குத் தெரிந்த விலாசம் பழைய ரேஷன் கார்டில் இருந்த விலாசம். அதையே தீர்ப்பு தயாரித்தவனிடம் சொல்லியிருக்கிறான். அவனும் குழியில் போய்க் கதவு தட்டிவிட்டான்.

சிரித்து முடித்த அக்கா, "செல்வம், கதவ கழட்டு" என்றார்.

"எதுக்கும்மா?"

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு வாங்குறாங்கல்ல. கதவுல ஒட்டுனேன்னு சொல்லிகினு இருக்கான். எங்க ஒட்டுனான்னு அவுங்களே பாக்கட்டும்."

"போட்டோ எடுத்துகினு போலாம் அத்த" என்றாள் சரிதா.

"போட்டோவ தடவிப் பாக்க முடியுமாடி?"

திங்கட்கிழமை விடியலில் கதவை ஏற்றினோம். வாசலுக்கு ஒரு பாயைத் தொங்கவிட்டு மேரிசெல்வியைக் காவல் வைத்தோம். அக்கா பழையபடி முன்சீட்டு வேண்டாம் என்று பின்னால் ஏறிக் கதவின் மேல் உட்கார்ந்துகொண்டார். கூடவே கூழ்த் தூக்கும், கருவாடு வறுத்த டப்பாவும். ஏதோ கோயிலுக்குப் போகிற வண்டி போல இருந்தது.

கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் தீக்குளிக்க மண்ணெண்ணெய் கொண்டுவருகிறார்களா என்று போலீஸ் ஒவ்வொரு பையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஜயலட்சுமி என்று பெயர் போட்டிருந்த பெண் காவலர் எங்கள் கூழ்த் தூக்கைத் திறந்து முகர்ந்தார். கருவாட்டு டப்பாவைத் திறக்காமலே தெரிந்துகொண்டார். கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நானும் செல்வகுமாரும் சவரிராஜ் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"என்னாம்மா இது?"

"எங்கூட்டு கதவுங்க."

"அது தெரியுது. எதுக்கு?"

"சாட்சிங்க."

அந்தப் பெண் மேலே கீழே பார்த்தார். கதவைக் கொண்டுவரக் கூடாது என்று எந்த உத்தரவும் இல்லை போலிருக்கிறது. "ஓரமா எடுத்துகினு போங்க, யாரு மேலயும் இடிக்காம" என்று விட்டுவிட்டார்.

வரிசை நீளம். நிழல் இல்லை. கதவை நிமிர்த்திப் பிடித்ததும் அதன் நிழலில் முன்னால் நின்ற இரண்டு அம்மாக்கள் வந்து ஒதுங்கினார்கள். பிறகு கைக்குழந்தைக்காரி ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் வரிசையே எங்கள் கதவுக்குப் பின்னால் வளைந்து நின்றது. அக்கா எல்லாருக்கும் டம்ளரில் கூழ் ஊற்றிக்கொடுத்துத் தன் கதையைச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்துவிட்டுத் தங்கள் கதையைச் சொன்னார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கலகலப்பான கியூவை நான் பார்த்ததில்லை.

கதவு ஹாலுக்குள் நுழையவில்லை. அதனால் மனு வாங்கிக்கொண்டிருந்த பெரிய வருவாய் அதிகாரியே வராந்தாவுக்கு வந்தார். நரைத்த மீசைக்காரர். வந்தவர் விரலை மடக்கிக் கதவை ரெண்டு தட்டுத் தட்டினார். "யாரும்மா வீட்ல?"

அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து வந்து கும்பிட்டார். "நாந்தாங்க. கொஞ்சம் இத தடவிப் பாருங்க சார்."

அவர் நிஜமாகவே தடவினார். "நல்ல பலாவாட்டம் இருக்குது."

"எங்கனா பசை தடவுன தடம் இருக்குதுங்களா?"

"இல்லம்மா."

"அப்ப ஒட்டுனேன்னு எப்புடிங்க எழுதி, சீலு வச்சிருக்கான்?"

சரிதா ஜெராக்ஸையும், பழைய வீட்டை ஒப்படைத்துப் புது மனை வாங்கியபோது கொடுத்த சான்றையும் நீட்டினாள். அவர் ஒரு வரியைப் படித்தார், சான்றின் தேதியைப் பார்த்தார், மறுபடி அந்த வரியைப் படித்தார். மீசைக்குள் இருந்த சிரிப்பு போய்விட்டது. அங்கேயே நின்று தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டார். "இந்தத் தீர்ப்பு உண்மைதானான்னு கோர்ட்ல எழுதிக் கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை என்றுதான் அந்தப் பக்கம் சொல்லியிருக்க வேண்டும்.

போனை வைத்துவிட்டு, "ஒங்களுக்கு என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார்.

"வூடு எங்குளுதுனு எழுதிக் குடுக்கணும் சார். மொதல்ல அது. அப்பறம், எவனோ எழுதுனத ஒரு சாரு நம்புனாரே, எங்கள ஒரு வார்த்த கேக்கல. அவரே எங்கூட்டுக்கு வந்து, மாத்தி எழுதுன தாள இந்தக் கதவுல ஒட்டணும். தண்டோராவும் போடணும். பொய்யா செஞ்சத எல்லாம் நெசமா செய்யச் சொல்லுங்க."

அதிகாரி மனுவின் ஓரத்தில் பச்சை மையால் நான்கைந்து வரி எழுதினார். "செய்யறேம்மா" என்றார். போகும்போது இன்னொரு தடவை கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

செய்யறேன் என்று சொன்ன அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் வைகாசி முடிவதற்குள் கோர்ட்டிலிருந்து தாலுகா ஆபீசுக்கு எழுத்தில் பதில் வந்தது. அந்த எண்ணில் இருந்த வழக்கு வேறு எந்த ஊரிலோ யாரோ இரண்டு பேருடைய வரப்புச் சண்டை. பட்டம்மாள் என்றோ சிங்காரவேல் என்றோ யாரும் அந்தக் கோர்ட்டுப் படி ஏறவில்லை. தீர்ப்பு மொத்தமும் கைவேலை. தயாரித்துக் கொடுத்த புரோக்கரைப் போலீஸ் பிடித்தது. அவன் சிங்காரவேலைக் காட்டிக்கொடுத்தான். சிங்காரவேல் போனை எடுக்க ஆரம்பித்தான்.

"சித்தி, தெரியாத்தனமா செஞ்சிட்டேன், போலீசுல சொல்லுங்க" என்று அழுதானாம்.

"கோர்ட்டுல சொல்லு. இந்தத் தடவ நெச கோர்ட்டு" என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

ஆனியில் ஒரு நாள் காலையில் தாலுகா ஆபீஸ் ஜீப் எங்கள் தெருவுக்கு வந்தது. கலைச்செல்வன் சார் இறங்கினார். கூடவே கிராம உதவியாளர் கருப்பசாமி. அன்றைக்குச் சீசனின் கடைசிப் பழம் அக்கா வாசலில் பிளந்து கிடந்தது. தெரு ஒன்றுவிடாமல் வெளியே வந்து நின்றது. ஷிப்ட் முடிந்து வந்த செல்வகுமார் கரியோடு கரியாக அப்படியே நின்றான்.

"தப்பு என்னுதும்மா. சீல பாத்தேன், கோர்ட்ல கேக்கல. எனக்கு மெமோ குடுத்திருக்காங்க" என்றார் கலைச்செல்வன் சார்.

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "பதில் எழுதுங்க சார். நாங்க மனு எழுதுனோம்ல, அதாட்டம்." அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியவில்லை. அவர் தலையாட்டினார்.

"தண்டோரா எங்க?" என்றார் அக்கா.

கருப்பசாமி தயங்கினார். "தண்டோரா வாணாம்னு உத்தரவு இருக்குது ஆயா. இப்பல்லாம் மைக்குதான்."

மைக் என்றதும் தெருவே என் பக்கம் திரும்பியது. வண்டியில் பலாப்பழம் விற்கிற மைக் இருந்தது. கலைச்செல்வன் சாரை முன்சீட்டில் உட்காரவைத்து, மைக்கைக் கையில் கொடுத்து, வண்டியை நகர்த்தினேன். எலந்தங்குழி ராஜாங்கம் பேரில் இருந்த பட்டா போலித் தீர்ப்பை வைத்துத் தவறாக மாற்றப்பட்டது என்றும், அந்த மாற்றம் ரத்தாகி அது அவர் மனைவி பட்டம்மாள் பேருக்கு வந்துவிட்டது என்றும் அவர் படித்தார்.

"சத்தமா படிங்க சார். கடைசித் தெரு வரைக்கும் கேக்கணும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அக்கா வழக்கம்போல வண்டியின் பின்னால் ஏறியிருந்தார். இரண்டாவது தெருவில் சாருக்கே சத்தம் வந்துவிட்டது. நான்காவது தெருவில் அவர் காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார். பழ வண்டி என்று நினைத்து ஓடிவந்த ஒரு அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லது சார், பழம் என்னா வெல" என்று கேட்டார். சார் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திரும்பி வந்து ஒட்டுகிற வேலை. கருப்பசாமி பையிலிருந்து எடுத்த பசை டப்பா கல்லாகக் காய்ந்திருந்தது. சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். ஒட்ட முடியாமல் போனால் அந்தக் கதவுக்கு நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது. அக்கா கொஞ்ச நேரம் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. ராஜாங்கம் அண்ணனை நினைத்திருப்பார்.

பிறகு உள்ளே போய், பலாப்பால் சுற்றிவைத்திருந்த குச்சியை அடுப்பில் வாட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"அத்த, பலாப்பாலா? அப்பறம் எடுக்கவே முடியாதே" என்றாள் சரிதா.

"எடுக்கறதுக்கா ஒட்டுறோம்?"

அக்கா தன் கையாலேயே தாளின் நான்கு மூலையிலும் தடவினார். சார் வாங்கி, கதவின் நடுவில் வைத்து அழுத்தினார். பலாமரத்தில் பலாப்பால் கவ்விக்கொண்டது. செல்வகுமார் கரிக் கையால் தட்டப் போனவன், தாளில் கறை படும் என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மேரிசெல்வி குலவையிட்டாள். வேளாங்கண்ணிக்காரி, எங்கே கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை.

கலைச்செல்வன் சார் கையை எடுத்தார். ஐந்து விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கைக்குட்டையில் துடைத்தார், கைக்குட்டையும் ஒட்டிக்கொண்டது. தெரு சிரித்தது. அக்கா உள்ளேயிருந்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து, அவர் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக எண்ணெய் விட்டுத் தேய்த்தார்.

"கையில ஒட்டுனது எண்ண போட்டா போயிடும் சார். கதவுல ஒட்டுனது போவாது. நீங்க இந்தப் பக்கம் வந்தா பாத்துட்டுப் போங்க."

பிறகு அவருக்கு ஒரு தட்டில் பலாச்சுளை கொடுத்தார். அவர் அந்த எண்ணெய்க் கையாலேயே வாங்கிச் சாப்பிட்டார்.